என் மனைவி சொன்னதில் சில பிழைகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் மோர்சாதத்தோடு நிறுத்திக்கொள்வேன். சாம்பார், கூட்டு, பாயசம் என்று வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு விமானம் ஓட்ட உட்கார்ந்தால் நாலாயிரம் அடி உயரத்தில் கொட்டாவி வரும். எங்கள் ஸ்குவாட்ரனில் பாதிப் பேர் எதிரியின் குண்டுக்குச் செத்ததில்லை, பிரியாணிக்குத்தான் செத்தார்கள்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு நான் சாப்பாட்டு மயக்கத்தில் இருந்தேன், காதில் விழுந்தது மண்டையில் ஏறியிருக்காது என்று என் மனைவி திரிபுரசுந்தரி உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நீங்களும் அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினீர்கள், நான் தலையாட்டினால் எல்லோருக்கும் வேலை மிச்சம் என்கிற முகத்தோடு. தலையாட்ட மாட்டேன். நான் முழு விழிப்போடு இருந்தேன். முப்பத்தாறு வருஷம் எனக்குச் சோறு போட்டவளுக்கு ஞாயிற்றுக்கிழமை நான் என்ன சாப்பிடுவேன் என்பதுகூடத் தெரியவில்லை பாருங்கள்.

என் பெயர் வெங்கடேஸ்வரன். வயது அறுபத்தொன்று. மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். எர்ணாகுளத்தில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தேன். மற்றவர்கள் எழுதிக் கொடுக்கும் விபத்து அறிக்கைகளில் பொய் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். அதனால் பிழையான அறிக்கையைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. இதைத் தமிழில்தான் எழுதுவேன். மலையாளத்தில் பெயர்க்க ஆள் பிடிப்பது உங்கள் பாடு.

'வீடியோ கேம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். நாங்கள் ஓட்டுவது சிமுலேட்டர். 1944-ல் இம்பால் பள்ளத்தாக்கில் பறந்த ஹரிக்கேன் விமானம், அதன் ஒவ்வொரு விசையும் ஒவ்வொரு முள்ளும் உட்பட, அப்படியே கம்ப்யூட்டரில் இருக்கும். அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி இன்டர்நெட் வழியாகப் பன்னிரண்டு பேர் ஒரே வானத்தில் பறப்போம். காதில் ஹெட்செட் மாட்டி, வயர்லெஸ்ஸில் பேசுகிறமாதிரி பேசிக்கொள்வோம். ஞாயிறு மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிப்போம். ஒன்பது வருஷத்துக்கு முன் இந்த ஸ்குவாட்ரனை உண்டாக்கியவன் நான். தலைவனும் நான்தான்.

மற்றவர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எர்ணாகுளத்தில் பல் பிடுங்கும் அனில், கழுத்தில் வெள்ளைப் பட்டுத் துணி சுற்றிக்கொண்டுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். தரையிறக்கத்தான் தெரியாது. கல்லூரியில் பாடம் எடுக்கும் மாளவிகாவுக்கு வடக்கு எது தெற்கு எது என்று வாராவாரம் சொல்ல வேண்டும். மீதிப் பேர் இவர்களைவிட மட்டம்.

விதிகளை எழுதியவனும் நான். பன்னிரண்டு ஞாயிறு சேர்ந்தால் ஒரு யுத்தம். செத்தவனுக்கு அன்றைய பறப்பு போச்சு. அடுத்த வாரம் புது ஆளாக, கடைநிலைப் பைலட்டாக வரலாம். செத்தவன் பேசக் கூடாது. அவனைப் பொதுச் சேனலிலிருந்து எடுத்துச் 'சொர்க்கம்' என்ற தனி அறையில் போட்டுவிடுவோம். அங்கிருந்து அவன் என்ன கத்தினாலும் பறப்பவர்களுக்குக் கேட்காது. உயிரோடு இருப்பவர்கள் மைக் பட்டனை இரண்டு தடவை தட்டுவார்கள், டிக் டிக் என்று. அத்தோடு துக்கம் முடிந்தது. நடுவில் வீட்டில் கரண்ட் போனாலோ, அவசரமாக எழுந்து போகவேண்டி வந்தாலோ, அவன் பத்திரமாகத் தரையிறங்கியதாகவே எடுத்துக்கொள்வோம். இங்கே மழைக்காலத்தில் அப்படி ஒரு விதி இல்லாமல் யுத்தம் செய்ய முடியாது. பன்னிரண்டு ஞாயிறும் சாகாமல் திரும்புகிறவன் அடுத்த தலைவன். இந்த விதியை எழுதியபோது அது யாராக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ராசப்பனைக் கொண்டுவந்து சேர்த்தவனும் நான்தான். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்ட வந்தான். தென்காசிப் பக்கத்து ஆள். பெண்டாட்டி செல்வலட்சுமியை ஊரில் விட்டுவிட்டு, பஜார் ரோட்டில் ஒரு பழைய அரிசிக் கிடங்கின் மாடியில் ஒற்றை அறையில் தங்கியிருந்தான். எங்கள் வீட்டிலிருந்து ஆறு நிமிஷ நடை.

சாயா குடிக்க உள்ளே வந்தவன் என் திரையைப் பார்த்துவிட்டு நின்றான்.

"சாரே, இது நீங்க ஓட்டுறதா, தானா ஓடுதா?"

வேடிக்கையாக இருக்கட்டும் என்று நாற்காலியில் பழைய பேப்பர் விரித்து அவனை உட்காரவைத்தேன். சிமெண்ட் கை. ஒரு நிமிஷத்தில் தலைகீழாகப் போய் விழுவான், அனிலிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். விழவில்லை. விமானம் நூல் பிடித்தமாதிரி நேராகப் போயிற்று. எனக்கு அந்த நேர் வருவதற்கு எட்டு மாதம் ஆயிற்று. எப்படிடா என்று கேட்டேன்.

"லெவல் பாக்கறதுதானே சாரே நம்ம சோலி" என்றான்.

எர்ணாகுளம் பிராட்வேயில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினான். அது விமானத்தையும் குரலையும் சேர்த்துத் தாங்காது. அதனால் குரலுக்கு மட்டும் சட்டைப் பையில் கைபேசியை வைத்து, அதில் ஹெட்செட்டைச் செருகிக்கொள்வான். மற்றவர்களுக்குக் கருடன், வல்லூறு, புயல் என்று அழைப்புப் பெயர். அவனுக்கு நான் வைத்த பெயர் கொத்தன். கோபமே வரவில்லை. "பொருத்தமாத்தான் இருக்கு சாரே" என்று சிரித்தான். ரோஷமில்லாதவனை என்ன செய்வது?

அந்த யுத்தத்தைப் பற்றி நான் நாற்பது புத்தகம் படித்திருக்கிறேன். இம்பால் ஆலப்புழைக்கு அந்தப் பக்கமா சாரே என்று கேட்டவன் அவன். ஆனால் ஆகாயத்தில் எல்லோரும் அவன் பின்னால்தான் போனார்கள். கொத்தா, நான் எங்கே இருக்கிறேன்? கொத்தா, என் வாலில் யாராவது இருக்கிறானா? என்னிடம் யாரும் கேட்பதில்லை. நான் சொன்னால் 'சரி சேட்டா' என்பார்கள், அவன் சொன்னால் செய்வார்கள்.

கடைசி யுத்தத்தில் மூன்றாவது ஞாயிறே நான் செத்தேன். தாழப் பறந்து ஆற்றை வரைபடத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சாரே, மூக்கு தாழுது" என்றான் ராசப்பன். எனக்குச் சொல்ல வந்துவிட்டான் என்று நினைத்து முடிப்பதற்குள் ஒரு மரத்தில் மோதினேன். சொர்க்கத்துக்குப் போகுமுன் மாளவிகாவின் சிரிப்பு காதில் விழுந்தது. அடுத்த வாரம் நான் கடைநிலைப் பைலட்டாக அவன் இறக்கையை ஒட்டிப் பறக்க வேண்டுமாம். அன்று மாலையே ஒரு திருத்தம் சேர்த்தேன்: தலைவன் செத்தால் தரைக் கட்டுப்பாட்டாளனாக இருப்பான். அப்புறம் நான் பறக்கவில்லை. ரேடார் திரையில் எல்லோரையும் பார்த்துத் திசை சொல்வேன், எல்லாச் சேனலையும் கேட்பேன், யாரையும் எந்த அறைக்கும் மாற்றுவேன்.

பதினோராவது ஞாயிறு முடிந்தபோது ஒரு தடவையும் சாகாதவன் ராசப்பன் மட்டும்தான். அன்று ராத்திரியே குழுவில் அவன் படத்தைப் போட்டு 'கேப்டன் ராசப்பன்' என்று எழுதினார்கள். மாளவிகா கேக்குக்கு ஆர்டர் கொடுத்தாள், மேலே க்ரீமில் ஒரு விமானமும் கொத்துக்கரண்டியும் போட்டு. அனில் எனக்குப் போன் பண்ணினான்.

"சேட்டா, அடுத்த வாரம் சர்வர் சாவியை அவன் கையிலே குடுத்துடுங்கோ. ஒம்பது வர்ஷமாச்சில்லே, இனி நீங்க ரெஸ்ட் எடுங்கோ."

ரெஸ்ட். முப்பத்துநாலு வருஷ வேலையில் என்னை ரெஸ்ட் எடுக்கச் சொல்ல ஒரு மேனேஜருக்கும் தைரியம் வந்ததில்லை. பல் பிடுங்குகிறவன் சொல்கிறான்.

இனி பன்னிரண்டாவது ஞாயிறு. மூன்றரை மணி என்று என் மனைவி எழுதியிருப்பது தப்பு. நாலு மணி பன்னிரண்டு நிமிஷம். பொதுச் சேனலில் "அம்மா" என்று ஒரு முனகல் கேட்டது, அப்புறம் மூச்சு வாங்குகிற சத்தம். எங்கள் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குண்டு பட்டால் நடிப்பார்கள். ரத்தம் கொட்டுகிறது, வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றெல்லாம். அனில் ஒரு தடவை ஏழு நிமிஷம் செத்தான்.

"அடிபொளி அபிநயம்டா கொத்தா!" என்று கூவினான் அனில். மாளவிகா கை தட்டினாள். நெஞ்சுவலிக்குக் கை தட்டுகிற தப்பை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. அவர்களை நீங்கள் தொந்தரவு செய்யவேண்டாம். முட்டாள்தனம் சட்டப்படி குற்றமில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. ராசப்பனுக்கு நடிக்க வராது. இறக்கையில் தீப்பிடித்தபோதுகூட "சாரே, எரியுது" என்று மட்டும் சொன்னவன். அவனைத் தனிச் சேனலுக்கு இழுத்தேன்.

"சாரே, நெஞ்சைப் பிசையுது. எடது கை செத்துப் போச்சு. நடிக்கல சாரே, சத்தியமா."

"தெரியும்" என்றேன்.

"யாரையாச்சும் விளிங்க சாரே. இல்லேன்னா இந்த போனை வெச்சிட்டு நானே விளிக்கேன்."

"வெக்காதே. ஆத்து போன்லேர்ந்து நான் விளிக்கறேன். அசையாம லைன்லேயே இரு."

எங்கள் வீட்டு போன் என் இடது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. எடுத்துக் காதில் வைத்தேன். அவன் பெயர், வயது, வலி எங்கே, பஜார் ரோட்டில் எந்தக் கிடங்கு, மாடிப்படி பின்பக்கம் என்பது, எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக, அவனுக்கும் கேட்கும்படி சொன்னேன். எண்களை மட்டும் அழுத்தவில்லை.

இதுதான் அவள் செய்த பெரிய பிழை. என் கணவர் ஆம்புலன்ஸை அழைத்தார், அது வரவில்லை என்று புகார் எழுதியிருக்கிறாள். நீங்களும் அதை நம்பி ஆம்புலன்ஸ்காரர்களைப் பதினைந்து நாள் துளைத்தெடுத்திருக்கிறீர்கள். பாவம், அவர்களுக்கு ஓர் அழைப்பும் போகவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். எளிய விஷயம்தான். கரண்ட் விதியை மறுபடி படியுங்கள். ஆம்புலன்ஸ் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால், அவசரமாக எழுந்து போனவன், பத்திரமாகத் தரையிறங்கியவன். பன்னிரண்டும் பூர்த்தி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அவன் தலைவனாகிவிடுவான். கேக்கை அங்கே கொண்டுபோய் வெட்டுவார்கள். தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு அவன் சிரித்துக்கொண்டு படுத்திருக்க, நான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவன் அன்றைக்கு வானத்தில் செத்தாக வேண்டும், ஐந்து மணிக்குள். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. தரையில் என்ன ஆகும் என்பதைப் பற்றி நான் அப்போது அதிகம் யோசிக்கவில்லை. யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அதுவும் பிழை.

பொதுச் சேனலில் "கொத்தன் வீழ்ந்தான்" என்று அறிவித்துவிட்டு அவனைச் சொர்க்கத்துக்கு மாற்றினேன். மற்றவர்கள் மேகத்துக்குள் இருந்ததால் யாரும் அவன் விமானத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் பட்டனைத் தட்டினார்கள். டிக் டிக். டிக் டிக். மாளவிகா மட்டும் மூன்று தடவை தட்டினாள், அவளுக்கு எண்ணவும் வராது.

இந்த இடத்தில் ஒரு தவறு நடந்ததை ஒப்புக்கொள்கிறேன். நான் அறிவித்தபோது அவன் விமானம் விழவில்லை. கையை எடுத்துவிட்டாலும் நேராகப் போகும்படி அதை அவன் எப்போதும் சமன்செய்து வைத்திருப்பான். ஆளில்லாமல் அது மேற்கே போய்க்கொண்டே இருந்தது, நாலு ஐம்பத்துமூன்றுக்கு எரிபொருள் தீரும்வரை. பறந்துகொண்டிருக்கும் விமானத்தை வீழ்ந்ததாக அறிவிப்பது விதிமீறல். என் ஒன்பது வருஷத்தில் அது ஒன்றுதான்.

அன்று சொர்க்கத்தில் வேறு ஆளில்லை. அவன் பேசுவது எனக்கு மட்டும் கேட்டது.

"எங்க வந்துட்டாங்க சாரே?"

கட்டுப்பாட்டாளனிடம் ஒருவன் இடம் கேட்டால் இடம் சொல்ல வேண்டும். "எர்ணாகுளத்திலேர்ந்து புறப்பட்டாச்சு" என்றேன். இரண்டு நிமிஷம் கழித்து "வெண்டுருத்திப் பாலம்" என்றேன். "தோப்பும்படி தாண்டியாச்சு" என்றபோது என் மனைவி காப்பியோடு வந்து நின்றாள்.

"ஏன்னா, யாராக்கும் அது? மேலுக்கு சுகமில்லையா?"

"ராசப்பன். ஆம்புலன்ஸ் வந்திண்டிருக்கு. நீ போ."

"ஐயோ பாவம், அந்தப் பிள்ளையா? கிட்டக்கத்தானே, நீங்க ஒரு நடை போய்ட்டு வரக்கூடாதா?"

"ஜோலியா இருக்கேன்னு தெரியறதோல்லியோ?" என்றேன். போய்விட்டாள். காப்பியில் சர்க்கரை கூடுதலாக இருந்தது. குடித்தேன்.

"ரொம்பப் புண்ணியம் சாரே" என்றான் ராசப்பன். "வேர்த்து ஊத்துது. லச்சுமிகிட்ட இப்ப சொல்லவேண்டாம், பயந்துருவா." அவன் போனை வைத்துவிட்டு வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கீழே எட்டிக் கத்தியிருக்கலாம். நான் அசையாதே என்று சொன்னேன், அவன் அசையவில்லை. மூன்று வருஷமாக நான் ஆகாயத்தில் சொன்னதை ஒரு தடவைகூடக் கேட்காதவன், அன்றைக்குத்தான் சொன்னபடி இருந்தான்.

ஐந்து மணிக்கு மற்றவர்கள் தரையிறங்கினார்கள். பன்னிரண்டு ஞாயிறும் தாண்டியவர் யாருமில்லை, எனவே தலைமையில் மாற்றமில்லை என்று அறிவித்தேன். கஷ்டமாயிப் போச்சு என்றான் அனில். மறுநாள் ராசப்பனைக் கண்டெடுத்த செய்தி வந்தபோது எல்லோரும் அழுதார்கள். நான் இரங்கல் குறிப்பு எழுதினேன், நன்றாகவே வந்திருந்தது. பதினாறாம் நாள் காரியம் கழித்துச் செல்வலட்சுமி எங்கள் வீட்டுக்கு வந்தாள், அந்தக் குறிப்புக்கு நன்றி சொல்லிவிட்டுப் போக. வலி வந்த அரை மணிக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வந்ததே என்றாள். எந்த ஆம்புலன்ஸ் என்று கேட்டாள் அவள். மறுநாள், ரேஷன் கடைக்குக்கூட என்னைக் கேட்காமல் போகாதவள், தனியாக ஆட்டோ பிடித்து உங்களிடம் வந்தாள். அவள் நிஜமாகவே ஆம்புலன்ஸை நம்பினாளா, என்னைக் காப்பாற்ற நம்பியமாதிரி எழுதினாளா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

கடைசியாக ஒன்று. அவன் அறைக் கதவு உள்ளிருந்து திறந்திருந்தது, நிலைப்படியில் அவன் கிடந்தான், எனவே யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்று ஒரு துப்பறியும் வேலை செய்திருக்கிறீர்கள். கீழே அரிசி மூட்டை இறக்கும் வெங்கிடாசலத்தை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்காரவைத்தீர்கள். அவனை விட்டுவிடுங்கள். யாரும் வரவில்லை.

நாலு இருபத்தொன்பதுக்கு மறுபடியும் எங்கே என்று கேட்டான். குரல் கம்மிவிட்டது. அதற்கு மேல் இடம் சொல்ல எனக்கும் ரோடு மிச்சமில்லை.

"உன் வாசல்ல வந்தாச்சு. மாடி ஏறிண்டிருக்கா" என்றேன்.

"கதவு தாப்பா போட்டுருக்கே சாரே."

"போய்த் தொற."

நாற்காலி சாய்ந்த சத்தம் கேட்டது. நடக்க முடியவில்லை போலிருக்கிறது, தரையில் உடம்பை இழுத்துக்கொண்டு போகிற சத்தம். பன்னிரண்டடி அறை. இரண்டு நிமிஷம் ஆயிற்று. தாழ்ப்பாள் விலகியது. வந்திருக்கிறவர்களுக்குத் தமிழ் புரியாதே என்று யோசித்தான் போலும். "வரூ, சேட்டன்மாரே" என்றான், ரொம்ப மரியாதையாக. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நான் இன்னும் பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் மனைவி எழுதிய நாலு பக்கத்தில் திருத்த வேண்டாத வரி ஒன்றே ஒன்றுதான். அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்: 'என் கணவர் அந்தப் பிள்ளையைக் கடைசிவரை கைவிடவில்லை.'